ராணியம்மாள் ரிலாக்ஸ் பண்ணிய வாரம்

எங்கள் ஊரில் ரிலாக்ஸ் என்கிற சொல் இப்போது எல்லார் வாயிலும் புரள்கிறது. பெங்களூரிலிருந்து காரோட்டிக் களைத்து வந்து இறங்குகிறவரிடம் லாட்ஜில் நிற்கும் பெண், "ரூமுக்குப் போய் ரிலாக்ஸ் பண்ணுங்க சார்" என்கிறாள். அவருக்கு அதன் பொருள், இனிப் படுத்துக்கொள்ளலாம் என்பது. வாடகை ஜாஸ்தி என்று சண்டைக்கு வருகிறவரிடம் ஆட்டோக்காரர், "ரிலாக்ஸ் பண்ணுங்க சாமி" என்றால், வாயை மூடு என்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பல் டாக்டர் அதையே சொன்னால் வலிக்கப்போகிறது என்று பொருள். ஒரே சொல்தான், கண்ணுகளா. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது கட்டிலும் ஆகும், பூட்டும் ஆகும், குறடும் ஆகும்.

அடி அண்ணாமலை ராணியம்மாளிடம் மட்டும் அதை யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி அவள் ஒரு இடத்தில் நின்றதில்லை. கிரிவலப் பாதையில், வீட்டுக்கு முன்பக்கமே அவளுடைய இட்லிக் கடை. விடியுமுன் அடுப்பு மூட்டுவாள். பௌர்ணமி என்றால் மலை சுற்றுகிற கூட்டம் ஓயும்வரை அதை அணைக்க மாட்டாள். அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு. உட்கார்ந்தாலும் மடியில் வெங்காயம் இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. இட்லி ஆவியில் மங்கலாகத் தெரிகிறது என்று முதலில் அடுப்பின்மேல் பழியைப் போட்டாள். பிறகு ஒருநாள், வெளியூர்க்காரர் ஒருவருக்குத் தட்டில் நாலு இட்லி வைத்து, தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாகப் பக்கத்துப் பாத்திரத்தில் இருந்த இட்லி மாவை இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தாள். நல்ல மனிதர் அவர். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "சட்னி புளிப்பு நல்லா இருக்கும்மா, காரம்தான் கம்மி" என்றார்.

அதைப் பார்த்துவிட்டார் ராணியம்மாளின் வீட்டுக்காரர் திருமலை. சத்தம் போடுகிற ஆள் இல்லை. தட்டை வாங்கிக் கழுவி, வேறு இட்லி வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, போகிற போக்கில் ஒரு பேச்சைப் போட்டார்.

"ஏ ராணி, கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கோ. ஆவலன்னா கடைய உண்ணாமலைகிட்ட விட்டுடலாம். அவளுக்கு வயசும் கம்மி, கண்ணும் தெரியுது."

உண்ணாமலை அவருடைய தம்பி மனைவி. பக்கத்து வீடு. அவளுக்கும் ராணியம்மாளுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் இருக்க வேண்டிய அளவுக்கு உரசல் உண்டு. உண்ணாமலை சுட்ட இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் உதிரும் என்று ராணியம்மாள் சொல்லியிருக்கிறாள். "அக்கா இட்லி பஞ்சுதான், யாரு இல்லன்னாங்க. அதைத்தான் காதுல அடைச்சிக்கினு அக்கா பேச்சு கேக்காம இருக்கிறேன்" என்று உண்ணாமலை சொல்லியிருக்கிறாள்.

திருமலை சொன்னதை மறந்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டார். ராணியம்மாளுக்கு அது முள்ளாக ஏறி உள்ளேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி வந்த வருஷம் அவள் கையில் எடுத்த கரண்டி அது. அதை உண்ணாமலையிடம் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் அவள் இட்லியைத் தின்பதைப் பார்ப்பதா?

அந்த நேரத்தில்தான் ஊருக்கு இலவசக் கண் முகாம் வந்தது. பெயர் எழுதியது, ஊர் நர்ஸ் சிவப்பிரியா. கண்ணைப் பார்த்து ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லிவிட்டார்கள். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றியபோதுதான் சிவப்பிரியாவின் முகம் மாறியது.

"அக்கா, ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. இப்டி இருந்தா ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை வேன் வரும். அதுக்குள்ள எறங்கணும்."

"எறங்கலன்னா?"

"அடுத்த முகாம் மாசி மாசம்."

மாசிக்குள் உண்ணாமலை தன் பெயரில் போர்டே மாட்டிவிடுவாள் என்று ராணியம்மாளுக்குத் தோன்றியது. "இன்னா பண்ணணும் சொல்லு சிஸ்டர். எதுவா இருந்தாலும் பண்றேன்."

"டாக்டர் எழுதின மாத்திரைய விடாம போடுங்க. உப்பு கம்மி பண்ணுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் அடுப்புகிட்ட போவாதீங்க. கோவப்படக் கூடாது. டெய்லி நல்லா ரிலாக்ஸ் பண்ணுங்க. ஒருநாள்கூட விடக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் மகள் மதிவதனியைப் பிடித்தாள். மதிவதனி டவுனில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் நிற்கிறவள்.

"மதி, ரிலாக்ஸ் பண்றதுன்னா இன்னாடி பண்றது?"

"ரிலாக்ஸ்தாம்மா."

"அதான் கேக்குறேன். வர்றவங்ககிட்டல்லாம் நீதான சொல்ற."

"சொல்வேன். சொல்லி சாவிய குடுத்துடுவேன். உள்ள போய் இன்னா பண்றாங்கன்னு நான் எட்டிப் பாக்க முடியுமா?" மதிவதனி யோசித்தாள். "படுத்துக்கினு போன் பாப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வைஃபை வரலன்னு கீழ வந்து கத்துவாங்க."

"இதுக்கு அவங்க வூட்லயே படுத்துக்கினு கத்தலாமே. இவ்ளோ பெட்ரோல் போட்டு வரணுமா?"

"ம்மா, ஒண்ணுமே பண்ணாம இருக்கிறதும்மா. அப்பா மாதிரி."

கட்டிலில் இருந்த திருமலை ஒரு கண்ணைத் திறந்தார். "நான் யாரு வம்புக்கும் வரலையே."

"உங்களுக்குப் பொறப்புலயே வந்துடுச்சு" என்றாள் ராணியம்மாள். "நான் வெள்ளிக்கிழமைக்குள்ள கத்துக்கணும்."

குழப்பத்தைத் தீர்த்தது எதிர்வீட்டு மணியம்மாள். பூக்கட்டி விற்கிறவள். தெருவில் எந்த விரதத்துக்கும் அவள் வாயிலிருந்துதான் விதி வரவேண்டும். ராணியம்மாள் நர்ஸ் சொன்னதையெல்லாம் ஒப்பிக்கக் கேட்டுவிட்டு, பூவை மடியில் போட்டாள்.

"உப்பு கம்மி. அடுப்பு தொடக் கூடாது. கோவம் கூடாது. ஒருநாள் விடக் கூடாது. ஏண்டி ராணி, இது விரதம்தான?"

இரண்டு பேருக்கும் பெரிய பாரம் இறங்கினாற்போல ஆயிற்று. ரிலாக்ஸ் பண்ணத் தெரியாதவர்கள் உலகத்தில் உண்டு. அண்ணாமலையார் காலடியில் இருந்துகொண்டு விரதம் இருக்கத் தெரியாதவர்கள் உண்டா?

திங்கட்கிழமை சிவனுக்கு உகந்த நாள். ராகுகாலம் கழிந்ததும் தொடங்கினாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, விளக்கேற்றி, பின்கட்டில் பலகை போட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். எங்கள் அடி அண்ணாமலைக்கு மலை கிழக்கில்தான் நிற்கிறது என்பதால் திசையும் பொருந்திவிட்டது. ஒருவேளைச் சாப்பாடு, வெங்காயம் பூண்டு கிடையாது என்று மணியம்மாள் சேர்த்துச் சொன்னாள். டிவி பார்க்கலாமா என்பதில் மட்டும் அவளுக்குத் தெளிவு இல்லை. பக்திப் படம் என்றால் பரவாயில்லை என்று முடிவாயிற்று.

முன்பக்கம் கடையை உண்ணாமலை பார்த்துக்கொண்டாள்.

ராணியம்மாள் கண்ணை மூடி ரிலாக்ஸ் பண்ணினாள். அது என்ன சுலபமா? முதுகு நேராக இருக்கிறதா, மூச்சு சரியாக வருகிறதா, நடுவில் சாம்பாரை நினைத்துவிட்டோமே, அதனால் விரதம் கெட்டதா என்று ஓயாத கவலை. நினைத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குவாள். கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டால் உடம்பு தானாக எழப் பார்க்கும். அதைப் பிடித்து உட்கார வைப்பதற்கே பாதி பலம் போயிற்று.

மதியத்துக்குள் சேதி பரவிவிட்டது. ராணியம்மாள் ஏதோ புது விரதம் இருக்கிறாளாம், ஐந்து நாளாம், கண் திறக்குமாம் என்று பெண்கள் வர ஆரம்பித்தார்கள். விரதம் இருக்கிறவளைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? வாழைப்பழம், கற்பூரம், மஞ்சள் குங்குமம் என்று கொண்டுவந்தார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? ராணியம்மாள் எழுந்து எழுந்து வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தாள். வெற்றிலையோடு ஒரு பிடி சுண்டல் இல்லாமல் எப்படி என்று அன்று சாயங்காலம் கொண்டைக்கடலையை ஊறப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் அதை மதிவதனி வேகவைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். இரண்டு பெண்கள் தாங்களும் இருக்கிறோம் என்று பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு இருவேளை காப்பி.

"எப்டி அக்கா, விரதம் நல்லா போவுதா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"எங்க. ரிலாக்ஸ் பண்ண நேரமே கெடைக்கல" என்றாள் ராணியம்மாள், வெற்றிலையைத் துடைத்தபடியே.

செவ்வாய் சாயங்காலம் சிவப்பிரியா வந்தாள். பின்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். கையில் சுண்டலை வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் பட்டையைச் சுற்றினாள்.

"இன்னா அக்கா, இன்னும் ஏறிக்கினு போவுது?"

ராணியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு தப்பும் பண்ணல சிஸ்டர். பச்சத் தண்ணிலதான் குளிச்சேன். சுத்தமாத்தான் இருந்தேன்."

"குளிச்சீங்களா? இது இன்னா, எல்லாரும் எதுக்கு உக்காந்திருக்காங்க?"

மணியம்மாள் எழுந்து விரதத்தின் விதிகளை விளக்கினாள். சிவப்பிரியா சுண்டலை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யாருங்க இதெல்லாம் சொன்னது?"

"நீதாம்மா. கோவம் கூடாது, உப்பு கம்மி, டெய்லி விடாம பண்ணணும்னு. வெங்காயம் பூண்டு மட்டும் நாங்களா சேத்துக்கிட்டோம்."

சிவப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ராணியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள். "விரதம்லாம் வேணாம் அக்கா. மூணு வேளை சாப்பிடுங்க, மாத்திரை போடுங்க. சும்மா இருங்க. வெள்ளிக்கிழமை காலைல ஒருவாட்டி பாப்பாங்க. அதுதான் கடைசி."

பலகைகள் போயின, பெண்கள் போனார்கள். சும்மா இருப்பது இன்னும் மோசமாக இருந்தது. விரதத்துக்கு விதியாவது இருந்தது.

புதன்கிழமை பௌர்ணமி. அந்த மாதம் திதி காலையிலேயே தொடங்கிவிட்டதால் கூட்டமும் காலையிலேயே வந்துவிட்டது. ராணியம்மாள் பின்கட்டில் பாயில் படுத்துக்கொண்டாள். படுத்தது உடம்பு மட்டும்தான். காது கடையில் நின்றது. ஒரு ஈடு இட்லி இறங்குகிறது. அடுத்த ஈடு ஏறுகிறது. உண்ணாமலை துணியில் தண்ணீர் தெளிக்காமல் இட்லியை எடுக்கிறாள், பிய்ந்துபோகும். சட்னிக்கு இவ்வளவு நேரம் அரைத்தால் சூடேறிவிடும். அப்போது ஒரு ஆண்குரல் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, சட்னி சூப்பர்."

ராணியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான். இனி அந்தக் கடைக்கு ஆள் கிடைத்துவிட்டது. கண் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் பின்கதவு படாரென்று திறந்தது. உண்ணாமலை உள்ளே வந்தாள். தலை கலைந்து, முந்தானை முழுக்க மாவாய், ஒரு விரலில் ஆவி சுட்டுப் பொங்கியிருந்தது. ராணியம்மாள் பக்கத்தில் வெறுந்தரையில் மல்லாந்து விழுந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"அக்கா, நீ மனுஷியா மெஷினா?"

"கடைல கூட்டம் இல்லையா?"

"கூட்டமா? ஊரே நிக்குது. ஒருத்தன் சாம்பார்ங்கிறான், ஒருத்தன் பொடிங்கிறான், ஒருத்தி கொழந்தைக்குக் காரமில்லாம குடுங்கிறா. இடுப்பு என்னோடதா இன்னொருத்தரோடதான்னே தெரியல. எனக்கு மத்தியானம் சீரியல் பாக்கணும், ஒரு மணி நேரம் தூங்கணும். இந்தக் கடையும் வேணாம், இந்தப் பொழப்பும் வேணாம். மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

ராணியம்மாள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "உனக்குக் கடை வேணாமா?"

"தங்கத்துல செஞ்சு குடுத்தாலும் வேணாம். நீ சீக்கிரம் கண்ண சரி பண்ணிக்கினு வந்து சேரு."

"யாரோ சட்னி சூப்பர்னாங்களே."

"அவன் செங்கத்துலேருந்து ராத்திரி பூரா நடந்தே வந்தவன் அக்கா. அந்தப் பசிக்கு செங்கல்ல வெச்சிருந்தாலும் சூப்பர்ம்பான்."

"நீ வெச்சது செங்கல்தான?" என்றாள் ராணியம்மாள்.

உண்ணாமலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வலிக்கிறது என்று அதற்கும் சிரித்தாள். ராணியம்மாளும் மறுபடி பாயில் சாய்ந்து சிரித்தாள். வாரக்கணக்கில் உள்ளே நின்ற முள் எந்தச் சிரிப்பில் வெளியே வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும்தான் ஒரு சந்தேகம் வந்தது. "ஏண்டி, இப்ப கடைய யாரு பாக்குறது?"

"மாமா."

இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். முன்பக்கத்தில் ஒரு தட்டு விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. பிறகு திருமலையின் குரல்.

"ராணி, குண்டான்ல எவ்ளோ தண்ணி ஊத்துறது?"

ராணியம்மாள் எழப்போனாள். உண்ணாமலை அவள் கையைப் பிடித்தாள். "நர்ஸ் இன்னா சொன்னாங்க?"

"அடுப்புகிட்ட போவாதன்னாங்க."

"அப்ப படு."

"ராணி, துணிய எந்தப் பக்கம் போடுறது? ராணி, சாமிங்களா கொஞ்சம் இருங்க, ஒரே நிமிஷம், ராணி!"

"பாவம்டி அந்த மனுஷன்."

"பொறப்புலயே ரிலாக்ஸ் வந்தவருன்னு நீ சொன்னியாமே, மதி சொன்னா. பாத்துப்பாரு."

ராணியம்மாள் படுத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு பௌர்ணமி நாளில், கடை வாசலில் கூட்டம் நிற்கும்போது, ஒரு குரல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் அசையாமல் படுத்திருந்தாள். முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மூச்சைக் கவனிக்கவும் மறந்துபோனாள். பக்கத்தில் உண்ணாமலை குறட்டை விடத் தொடங்கியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் திருமலை பின்கட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையில் சாம்பார் வழிந்தது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் இட்லித் துணி. கடையில் யாரோ புண்ணியவதி, மலை சுற்ற வந்த ஒரு அம்மாள், தானே வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாளாம்.

"ஏ ராணி."

"சொல்லுங்க."

"கடைய யார்கிட்டயாவது விடலாம்னு சொன்னேனே."

"ஆமா."

"அது எவன் சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆவலன்னாலும் பரவால்ல, மாசி மாசம் ஆவட்டும். அது வரைக்கும் சட்னி எது மாவு எதுன்னு நான் பக்கத்துல நின்னு சொல்றேன். அந்த எடத்துல நிக்க மட்டும் எனக்குத் தெரியாது."

"தண்ணி பாதிக்கு ஊத்துங்க" என்றாள் ராணியம்மாள். "துணிய நனைச்சுப் பிழிஞ்சு போடுங்க."

அவர் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து ஆறேழு பேர். துணைக்கு உண்ணாமலை ஏறிக்கொண்டாள். வேலை ஏதாவது தலையில் கட்டுவார்கள் என்ற பயத்தில் கடைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறினாள் என்று திருமலை பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சிவப்பிரியா பக்கத்திலேயே நின்றாள். அங்கிருந்த நர்ஸ் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினாள். உண்ணாமலை அந்த நேரத்தில், முந்தாநாள் தன்னிடம் ஒருவர் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஜாம் கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஜாமா? நீ இன்னா குடுத்த?" என்று ராணியம்மாள் திரும்பிக் கேட்கும்போதே பட்டை தளர்ந்துவிட்டது.

"சரியா இருக்குது" என்றாள் நர்ஸ். "போய் வெளிய பெஞ்சுல உக்காருங்க. பேர் கூப்பிடுவோம்."

சிவப்பிரியா ஒருமுறை அந்த எண்ணைத் தானும் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ராணியம்மாள் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. உரிக்க வெங்காயம் இல்லை, எடுக்க இட்லி இல்லை. உண்ணாமலை ஜாம் கதையை முடித்துவிட்டுத் திரும்பினால், அக்காவின் தலை அவள் தோளில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு நீளமாக, அவசரமே இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

உள்ளிருந்து ஒரு இளம் நர்ஸ் தாளோடு வந்தாள்.

"அடி அண்ணாமலை ராணியம்மாள்."

உண்ணாமலை தோளை அசைக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கினாள்.

"இவங்கதானா? எழுப்புங்க, டாக்டர் ரெடியா இருக்காரு."

"எழுப்பலாம்மா" என்று உண்ணாமலை கிசுகிசுத்தாள். "நான் வாழ்க்கப்பட்டு வந்ததுலேருந்து இவங்க பகல்ல தூங்கிப் பாத்ததே இல்ல. ஒரே ஒரு ஆள முன்னாடி கூப்பிடேன். நீ நல்லா இருப்ப."

நர்ஸ் தூங்குகிற முகத்தைப் பார்த்தாள். தாளில் அடுத்த வரிக்கு விரலை இறக்கினாள். அந்தப் பெயரைக் கொஞ்சம் மெதுவான குரலில் கூப்பிட்டாள்.